தற்கொலையால் ஒருவரை இழந்த வீட்டாருக்கு: இணையவழி ஆதரவுக் குழுவில் முதல் முறை சேரும்போது

கடலூரிலோ புதுச்சேரியிலோ, இரண்டுக்கும் நடுவில் உள்ள கிராமங்களிலோ, வீட்டில் ஒருவரைத் தற்கொலையால் பறிகொடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதே இழப்பைச் சந்தித்தவர்கள் போன் வழியாக ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் குழுக்கள் இருக்கின்றன. அவற்றை எங்கே தேடுவது, எதைப் பார்த்து நம்புவது, முதல் செய்தியில் என்ன எழுதுவது, எப்போது விலகி நிற்பது என்பதை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். நானும் தம்பியை இப்படி இழந்தவள்.

இதைப் படிக்கும் இந்த நேரத்தில் உங்களுக்கே உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்துகொண்டிருந்தால், இங்கேயே நிறுத்திவிட்டு 14416 என்ற எண்ணை அழையுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை அது. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். குழு, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

எதற்கு ஒரு குழு?

நாளிதழ்களில் 'தீராத வயிற்று வலி' என்று முடியும் செய்திகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அந்த வரிக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது. காவல் நிலையத்தில் ஒன்றும், துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் இன்னொன்றும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் வேறொன்றும் சொல்ல வேண்டிய நிலையில் அது விடப்பட்டிருக்கிறது. நெஞ்சு வலி என்று சொன்ன வீடுகள் எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். திருப்பாப்புலியூரில் பேசியது மாலைக்குள் மஞ்சக்குப்பத்துக்கு வந்துவிடும் ஊர் இது. மீதமிருக்கும் பெண்ணுக்கு வரன் பார்க்க வேண்டும், மகனுக்கு வேலை தேட வேண்டும். ஆனால் இறப்பின் காரணத்தை மறைத்துக்கொண்டே துக்கப்படுவது, துக்கத்தின் மேல் இன்னொரு வேலையைச் சுமப்பது. அந்த வேலையை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டும். எப்படி இறந்தார் என்று தெரிந்த பிறகும் 'ஏன்' என்று குடையாத மனிதர்கள் அங்கே இருக்க வேண்டும். குழு அதற்குத்தான்.

நேரில் கூடும் குழு நல்லதுதான். ஆனால் சிறிய ஊரில் அந்தக் கூடத்துக்குள் நுழைவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற தயக்கத்திலேயே பலர் பாதி வழியில் திரும்பிவிடுகிறார்கள். இணையத்தில் அந்தத் தயக்கம் குறைகிறது. பண்ருட்டியிலிருந்து ஒருவர், பாரிஸில் இருக்கும் புதுச்சேரிக்காரர் ஒருவர், துபாயிலிருந்து ஒருவர் என்று ஒரே இரவில் பேசிக்கொள்ள முடிகிறது.

2022-ல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். புதுச்சேரியோ, மக்கள்தொகைக்கேற்ற விகிதத்தில் நாட்டின் மேல்வரிசையில் பல ஆண்டுகள் இருந்துவரும் இடம். ஒரு தற்கொலை ஏறத்தாழ 135 பேரின் வாழ்க்கையைத் தொடுகிறது என்று 2018-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. நம் ஊரில் சொந்தபந்தம், தெரு, கூட வேலை செய்தவர்கள் என்று பார்த்தால் அந்த எண்ணிக்கை வியப்பளிக்கவில்லை. ஆகவே உங்களைப் போன்றவர்கள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களும் வாய் திறக்காமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

முதல் வாரங்களில் அவசரப்பட வேண்டாம்

இயற்கைக்கு மாறான சாவு என்பதால் காவல் துறை விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் கட்டாயம் நடக்கும். இப்போது அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194-ஆம் பிரிவின்படி நடக்கிறது. பழைய சட்டத்தில் 174. இறந்தவர் திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் உள்ள பெண் என்றால் கோட்டாட்சியர் விசாரணையும் உண்டு. உங்கள் வீட்டின் மேல் தனியாகச் சந்தேகப்பட்டுச் செய்வதல்ல இது. எல்லா வீட்டுக்கும் இதே நடைமுறைதான். தெரியாமல் நடுங்கிப்போனவர்கள் பலர் என்பதால் சொல்கிறேன்.

இந்த நாட்களில் குழுவில் சேர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சாப்பிடுவதும் தூங்குவதுமே பெரும்பாடாக இருக்கும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தலைப் பிரித்து, உறவினர்கள் பஸ் ஏறிய பிறகுதான் வீடு உண்மையில் வெறுமையாகும். பெரும்பாலானவர்கள் தேடத் தொடங்குவது அப்போதுதான். பத்து ஆண்டுகள் கழித்துத் தேடி வந்தவர்களும் உண்டு. காலம் கடந்துவிட்டது என்று எந்த நல்ல குழுவும் யாரையும் திருப்பி அனுப்பாது.

உங்களுக்குத் தேடும் தெம்பு இல்லையென்றால், நம்பிக்கையான தங்கை, மைத்துனர், தோழி ஒருவரிடம் இந்தக் கட்டுரையைக் கொடுத்து, 'எனக்காக நீ பார்' என்று சொல்லுங்கள். உதவ வேண்டும் என்று தவிப்பவர்களுக்கு அது ஒரு வேலையாகவும் இருக்கும்.

எங்கே தேடுவது

ஆங்கிலம் படிக்க வருமென்றால் வாசல்கள் அதிகம். அமெரிக்காவில் 2008 முதல் இயங்கும் 'அலையன்ஸ் ஆஃப் ஹோப்', பிரிட்டனில் 1991-ல் தொடங்கிய 'சர்வைவர்ஸ் ஆஃப் பிரீவ்மென்ட் பை சூசைட்' ஆகிய இரண்டும் தற்கொலையால் உறவை இழந்தவர்களுக்காக, அதே இழப்பைக் கண்டவர்கள் கட்டியெழுப்பிய அமைப்புகள். புனைபெயரில் இருந்துகொண்டு அங்கே எழுதுவதைப் படித்தாலே, 'எனக்கு மட்டும் பைத்தியம் பிடிக்கவில்லை' என்ற நிம்மதி கிடைக்கும். ஆனால் நேர வித்தியாசத்தை மனத்தில் வையுங்கள். அமெரிக்காவின் மாலை நம் விடியற்காலை, பிரிட்டனின் மாலை நம் நள்ளிரவு. இரவெல்லாம் விழித்துப் பதிலுக்குக் காத்திருப்பது உடம்பைக் கெடுத்துவிடும்.

தமிழில் இது இன்னும் சிறிய உலகம். மதுரையில் நந்தினி முரளி, தன் கணவரை இழந்த பிறகு, எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையுடன் சேர்ந்து 'ஸ்பீக்' என்ற முயற்சியைத் தொடங்கித் தற்கொலையால் வரும் இழப்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவருகிறார். சென்னையில் 1986-ல் தொடங்கப்பட்ட 'ஸ்நேகா', தற்கொலைத் தடுப்புக்கான தன்னார்வ அமைப்பு. இழந்தவர்களும் அவர்களை அழைத்துப் பேசலாம். எண் 044-24640050. இத்தகைய இடங்களில், 'எங்களைப் போன்றவர்கள் கூடும் இணையக் குழு எது இப்போது நடக்கிறது?' என்று நேராகக் கேளுங்கள். கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மனநல மருத்துவத் துறையிலும், கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் இதே கேள்வியைக் கேட்கலாம். 14416-ல் பேசும்போதும் கேட்கலாம். மனிதர் வழியாகக் கிடைக்கும் குழு, தேடுபொறியில் கண்ணில் படும் குழுவைவிட நம்பத்தக்கது என்பது என் உறுதியான எண்ணம்.

சேருமுன் நடத்துபவரிடம் கேட்க வேண்டியவை

தயங்காமல் கேளுங்கள். இது உங்கள் உரிமை. குழு தற்கொலையால் இழந்தவர்களுக்கு மட்டுமா, எல்லா வகை இழப்புக்குமா? விபத்திலும் நோயிலும் இழந்தவர்களின் வலி சிறியதல்ல. ஆனால் குற்ற உணர்ச்சி, கோபம், வெட்கம் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வருவதை அவர்களிடம் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். நடத்துபவர் யார், அவருக்குப் பின்னால் மனநலத் துறையைச் சேர்ந்த ஒருவராவது இருக்கிறாரா? ஒருவர் இரவில் ஆபத்தான செய்தி எழுதினால் என்ன செய்வார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்லும் குழுவில்தான் நான் இருப்பேன்.

பணம் கேட்டால் வெளியேறுங்கள். 'மூன்று வாரத்தில் துக்கத்திலிருந்து விடுதலை' என்று எழுதியிருந்தாலும், தோஷம் கழிக்க ஆள் காட்டினாலும், உங்கள் கதையைச் சேனலுக்குப் பேட்டியாகக் கொடுங்கள் என்று கேட்டாலும் அதையேதான் செய்ய வேண்டும். துர்மரணம், சாந்தி செய்யாவிட்டால் அடுத்த உயிரும் போகும் என்று பயமுறுத்திக் காசு பறிப்பவர்கள் துக்க வீட்டு வாசலிலேயே வந்து நிற்கிறார்கள். குழுவுக்குள் வராமல் இருப்பார்களா? உங்கள் மன ஆறுதலுக்காகச் சடங்கு செய்ய விரும்பினால் தாராளமாகச் செய்யுங்கள். பயத்தை விற்பவரிடம் மட்டும் போகாதீர்கள்.

போனைத் தயார் செய்வது

இது சின்ன வேலை. ஆனால் பின்னால் பெரிய சங்கடத்தைத் தவிர்க்கும். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் உங்கள் போன் எண் அங்குள்ள எல்லோருக்கும் தெரியும். முகப்புப் படத்தைத் தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றுங்கள். பெயர் இருக்கும் இடத்தில் முழுப்பெயர் வேண்டாம். ஊரே உங்கள் எண்ணை அறியுமென்றால், முடிந்தால் தனி சிம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். டெலிகிராமில் எண்ணை மறைக்கும் வசதி இருக்கிறது. அமைப்புகளுக்குள் போய் அதை நீங்களேதான் மாற்ற வேண்டும். பேஸ்புக் மூடிய குழுவில், நடத்துபவர் அனுமதித்திருந்தால், பெயர் காட்டாமல் எழுதலாம். ஆனால் நடத்துபவருக்கு உங்கள் பெயர் தெரியும் என்பதை மறக்காதீர்கள். ஜூம் கூட்டமென்றால் உள்ளே போகும்போதே பெயரை மாற்றிக்கொள்ளலாம். கேமராவை மூடிவைத்தும் உட்காரலாம்.

வீட்டில் ஒரே போன் பலர் கைக்குப் போகிறதா? அந்த உரையாடலுக்கு மட்டும் பூட்டு போடுங்கள். திரையில் செய்தி தெரியும் வசதியை நிறுத்துங்கள். கடைசிப் பிள்ளை விளையாட்டுக்காகப் போனை எடுக்கும்போது, அக்காவைப் பற்றிய வரி ஒன்று திரையில் வந்து விழக்கூடாது.

குழுவில் நீங்கள் எழுதுவதை யார் வேண்டுமானாலும் படம் பிடித்து வெளியே அனுப்ப முடியும். நல்லவர்கள் நிறைந்த குழுவிலும் அதுதான் நிலை. அதனால்தான் அடுத்துச் சொல்வது முக்கியம்.

வழக்கு நடந்துகொண்டிருந்தால்

கணவர் வீட்டார் மீதோ, கடன் கொடுத்தவர் மீதோ, ஒரு ஆசிரியர் மீதோ தற்கொலைக்குத் தூண்டியதாகப் புகார் கொடுத்திருந்தால், அதைப் பற்றிக் குழுவில் எழுத வேண்டாம். பெயர், ஊர், தேதி எதுவும் வேண்டாம். எழுதிய வரி ஒன்று நீதிமன்றம் வரை போகலாம். அந்தக் கோபத்தை எழுதாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று தெரியும். 'எனக்கு ஒருவர் மேல் தீராத கோபம் இருக்கிறது, இப்போது சொல்ல முடியாது' என்று எழுதுங்கள். போதும். குழுவில் உள்ளவர்கள் புரிந்துகொள்வார்கள், ஏனென்றால் அவர்களில் பலர் அதே நிலையில் இருப்பவர்கள்.

முதல் செய்தி

முதலில் சில நாட்கள் வெறுமனே படியுங்கள். பேசாமல் படித்துக்கொண்டிருப்பதும் குழுவில் இருப்பதுதான். யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள்.

எழுதத் தோன்றும்போது சுருக்கமாக எழுதுங்கள். இப்படி:

'வணக்கம். என் மகனை ஏழு மாதங்களுக்கு முன் தற்கொலையால் இழந்தேன். அவனுக்கு வயது 19. கடலூர்ப் பக்கம். வீட்டில் யாரும் அவன் பெயரைச் சொல்வதில்லை. இங்கே சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.'

யாரை இழந்தீர்கள், எவ்வளவு காலம் ஆயிற்று, இப்போது எது அதிகமாக வலிக்கிறது. இவ்வளவே ஒரு முழுச் செய்தி. தமிழில் தட்டச்சு செய்யச் சிரமமாக இருந்தால் போனில் உள்ள குரல் வழித் தட்டச்சைப் பயன்படுத்துங்கள். குரல் பதிவாகவே அனுப்புவது எளிது. ஆனால் குரலை அடையாளம் கண்டுகொள்வார்கள் என்பதை யோசித்துச் செய்யுங்கள்.

எழுதக்கூடாதவை சில உண்டு. எந்த முறையில் இறந்தார் என்ற விவரம், எங்கே, எதை வைத்து என்பது, எழுதிவைத்த கடிதத்தின் படம், கடைசிப் புகைப்படம். படிப்பவர்களும் உடைந்துபோனவர்கள். ஒருவரின் விவரம் இன்னொருவரின் இரவைக் கெடுக்கும். சிலரை அபாயத்திலும் தள்ளும். கண்ணை மூடினால் அந்தக் காட்சியே வருகிறது என்றால் அதைச் சொல்ல வேண்டிய இடம் மனநல மருத்துவரின் அறை. அங்கே ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்.

பதில் எழுதுவது, பதிலைப் பெறுவது

'விதி', 'கடவுள் கூப்பிட்டுக்கொண்டார்', 'இன்னொரு பிள்ளை இருக்கிறதே' என்ற மூன்றும் வெளியே போதுமான அளவு கேட்டவை. குழுவில் வேண்டாம். 'எனக்கும் அப்படித்தான் இருந்தது, அக்கா', 'உங்கள் மகனின் பெயரைச் சொல்லுங்கள் அண்ணா, கேட்கிறேன்' என்ற ஒரு வரி, பத்து அறிவுரைகளைவிட அதிகம் செய்கிறது. சில நேரம் உங்கள் செய்திக்கு யாருமே பதில் சொல்லாமல் போகலாம். அன்று எல்லோருக்கும் கனமான நாளாக இருந்திருக்கலாம். மறுநாள் மீண்டும் எழுதுங்கள்.

'அன்று போனை எடுத்திருந்தால்' என்ற கேள்வி ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. அதற்கு 'உங்கள் மேல் தப்பே இல்லை' என்று உடனே பதில் சொல்லி மூடிவிடாதீர்கள். முதலில் அவர் சொல்லி முடிக்கட்டும். ஒரு தற்கொலைக்குப் பின்னால் நோய், மன அழுத்தம், கடன், குடி, வேதனை என்று பலவும் பின்னிக்கிடக்கின்றன. ஒரு போன் அழைப்பு அத்தனையையும் தாங்கியிருக்காது. இது மெதுவாகத்தான் மனத்தில் இறங்கும். ஒருவர் சொல்லிக் கேட்பதைவிட, பத்துப் பேரும் அதே கேள்வியைத் தங்களிடம் கேட்டுக்கொள்வதைப் பார்க்கும்போது இறங்குகிறது. குழுவின் மிகப் பெரிய பயன் இதுதான் என்று நினைக்கிறேன்.

நடைமுறைத் தகவலும் குழுவில் கிடைக்கும். உதாரணமாக ஆயுள் காப்பீடு. தற்கொலை என்பதால் பணமே வராது என்று நினைத்துப் பல வீடுகள் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகின்றன. பாலிசி தொடங்கி ஓராண்டு கடந்திருந்தால் பொதுவாக முழுத் தொகையும் உண்டு. ஓராண்டுக்குள் என்றாலும் கட்டிய பிரீமியத்தில் பெரும்பகுதி நியமனதாரருக்குத் திரும்ப வரும். பழைய பாலிசிகளில் விதி மாறலாம். பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

கனமான நாட்கள்

திதி, பிறந்தநாள், ஆடி அமாவாசைக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கூட்டம் கூடும் காலை, நவம்பர் 2 கல்லறைத் திருநாள். மாணவரை இழந்த வீட்டுக்குத் தேர்வு முடிவு வரும் நாள். இவற்றை முன்கூட்டியே குழுவில் சொல்லிவையுங்கள். 'வியாழக்கிழமை என் கணவரின் திதி' என்று ஒரு வரி போதும். அன்று யாராவது உங்களைத் தேடுவார்கள்.

செப்டம்பர் 10 உலகத் தற்கொலைத் தடுப்பு நாள். அன்று எல்லாப் பக்கமும் 'தடுக்க முடியும்' என்ற வாசகங்கள் வந்து குவியும். நல்ல நோக்கம்தான். ஆனால் இழந்தவர்களுக்கு அது 'நீ தடுக்கவில்லை' என்று கேட்கும். அந்த ஒரு நாள் போனைத் தள்ளிவைத்தால் தவறில்லை. நமக்கென்று ஒரு நாளும் உண்டு: தற்கொலையால் உறவை இழந்தவர்களுக்கான பன்னாட்டு நாள், நவம்பரில் ஒரு சனிக்கிழமை வருகிறது. தன் தந்தையை அப்படி இழந்த அமெரிக்க செனட்டர் ஹாரி ரீட் கொண்டுவந்த தீர்மானத்தால் 1999-ல் தொடங்கியது. இணையவழிக் கூடுகைகள் அந்த நாளையொட்டி அதிகம் நடக்கும். புதிதாகச் சேர அது ஏற்ற நேரம்.

வீட்டில் மற்றவர்கள்

ஒரே வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் துக்கப்படுவார்கள். மனைவி இரவெல்லாம் குழுவில் படிப்பார், கணவர் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார். அவரை இழுக்க வேண்டாம். இணைப்பை அனுப்பிவிட்டு விட்டுவிடுங்கள். ஸ்மார்ட்போன் இல்லாத அம்மாவுக்கு, குழுவில் வந்த ஆறுதலான ஒரு செய்தியை, எழுதியவரின் அடையாளம் தெரியாதபடி படித்துக் காட்டலாம். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் பெரியவர்களின் குழுவில் சேர்க்காதீர்கள். ஆனால் அவர்களிடம் பொய் சொல்லவும் வேண்டாம். வயதுக்கேற்ற எளிய சொற்களில் உண்மையை நீங்களே சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் பிறர் சொல்லித் தெரிந்துகொள்வது கொடுமை.

குழு போதாதபோது

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, குடி அதிகமாகிறது, இறந்தவரோடு போய்ச் சேர வேண்டும் என்று தோன்றுகிறது என்றால், குழு தரும் ஆறுதலோடு நின்றுவிடக்கூடாது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 14416 இருக்கிறது, தமிழ்நாட்டில் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. பிரான்ஸில் இருக்கும் உறவினருக்கு 3114 என்ற எண்ணைக் கொடுங்கள். அங்கே அது தற்கொலைத் தடுப்புக்கான தேசிய எண், இலவசம்.

குழுவில் ஒருவர் 'இனி என்னால் முடியாது' என்று எழுதினால், 'உயிரை விட வேண்டும் என்று நினைக்கிறீர்களா?' என்று நேராகக் கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்பதை ஆய்வுகள் தெளிவாகச் சொல்கின்றன. உடனே நடத்துபவருக்குத் தெரிவியுங்கள். இருக்கும் இடம் தெரிந்து ஆபத்து உடனடியானது என்றால் அவசர உதவி எண்ணான 112-ஐ அழையுங்கள். வீட்டில் இன்னொருவர் முயன்றுவிட்டார் என்றால் போலீஸ் வழக்குக்குப் பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் இருக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது.

படிக்கப் படிக்க நெஞ்சு அடைத்தால் சில நாள் குழுவின் ஓசையை நிறுத்திவையுங்கள். நடத்துபவரிடம் ஒரு வரி சொல்லிவிட்டு வெளியேறலாம், பிறகு திரும்பியும் வரலாம். சில மாதங்களில் தேறிவிட்டதாகத் தோன்றி, குழுவை நடத்த உதவட்டுமா என்று கேட்கும் ஆசையும் வரும். நல்ல ஆசை. முதல் வருடத் திதி கடக்கும்வரையாவது பொறுங்கள். பிறகு நடத்துபவரிடம் பயிற்சி கேட்டுப் பெற்று, முதலில் புதியவர்களை வரவேற்கும் வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.